"நான் ஒன்றும் செய்யவில்லை": பலமான கார்கள் ஏன் கைமீறிப் போகின்றன?

பலெர்மோவில் வாழும் எம்மவரின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று இங்கு வந்து போனவர்களுக்குத் தெரியும். காலையில் பெல்லெகிரினோ மலையேறி சாந்தா ரொசாலியா குகைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவோம். சைவம், வேதம் என்ற வேறுபாடு அந்த மலைப்பாதையில் இல்லை. பின்னேரம் மலையின் மறுபக்கம் இறங்கி மொண்டெல்லோ கடற்கரைக்குப் போவோம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம், பெரியவர்களுக்குக் கடற்காற்று. முப்பது வருடமாக இதுதான் எங்கள் வழக்கம்.

கடந்த மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அங்கே இளைஞர்கள் தங்கள் கார்களுடன் கூடியிருந்தார்கள். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக நின்றன. எஞ்சின் மூடியைத் திறந்து காட்டுவது, படம் எடுப்பது, சத்தம் எழுப்புவது என்று இரண்டு மணித்தியாலம் போனது. என் மகனும் நின்றான். அவனுக்கு 23 வயது. அப்படியொரு காரை ஆறு வருடப் பழையதாக வாங்குவதற்கு வங்கிக் கடன் கேட்டிருந்தான். கடனுக்குப் பிணை கையெழுத்து நான் போடவேண்டும். "ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா, பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று கேட்டதால்தான் நான் போனேன்.

கூட்டம் கலையும் நேரம் ஒரு கார் தரிப்பிடத்திலிருந்து வீதிக்குத் திரும்பியது. ஓரத்தில் நின்றவர்கள் கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள். எஞ்சின் உறுமியது. காரின் பின்பக்கம் வலப்புறம் வழுக்கியது. அடுத்த கணம் கார் எதிர்ப்புறமாகத் துள்ளி, நடைபாதை மேலேறி, தாழ்ந்த மதிலொன்றில் இடித்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. கார் நின்ற இடத்துக்கும் என் மகன் நின்ற இடத்துக்கும் இடையே பிறகு நான் நடந்து அளந்தேன். ஐந்து காலடி.

ஓட்டிய பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்து அழுதான். "நான் ஒன்றும் செய்யவில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை" என்று இத்தாலி மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொல்கிறான் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மகன் கேட்டான்: "அப்பா, அவன் அப்பிடி என்ன செய்தவன்? கொஞ்சம்தானே அமத்தினவன்."

நான் வணிகத்துறைப் பட்டதாரி. பொறியியல் படித்தவனல்ல. ஆனால் கணக்கு எங்கே பிழைத்தது என்று தேடுவது என் தொழில். அடுத்த சில வாரங்கள் இதைப் பற்றி வாசித்தேன். எம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய கார்களை வாங்குகிறார்கள், வாடகைக்கு எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் பார்க்கப் போகிறார்கள். ஆகவே நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே கணக்கு, இரண்டு செலவு

கார் வீதியைத் தொடும் இடம் மிகச் சிறியது. ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். காரை முன்னே தள்ளுவதும், நிறுத்துவதும், திருப்புவதும் இந்த நாலு உள்ளங்கைகள்தான். அவற்றின் உராய்வைப் பிடி என்று சொல்வோம்.

பிடி என்பது வங்கிக் கணக்கு மாதிரி. அதில் ஒரு தொகைதான் உண்டு. காரைத் திருப்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். கணக்கில் 100 இருக்கிறது என்று வையுங்கள். வளைவில் திரும்புவதற்கு 80 செலவானால் மிச்சம் 20 என்று நாங்கள் நினைப்போம். உண்மையில் 60 மிச்சம். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால், பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றம் இங்கே வேலை செய்கிறது. 80இன் வர்க்கமும் 60இன் வர்க்கமும் சேர்ந்தால் 100இன் வர்க்கம்.

இந்தத் தாராளம்தான் ஆளை ஏமாற்றுவது. 80 செலவழித்த பிறகும் கார் சொல்வழி கேட்கிறது. 98 செலவழித்தால் மிச்சம் 20 மட்டுமே. கடைசி இரண்டு ரூபாயைத் தொட்டதும் ஒன்றுமில்லை. வங்கி முன்கூட்டியே கடிதம் போடும். ரயர் தரும் எச்சரிக்கை மிகக் குறுகியது, பழக்கமில்லாத சாரதிக்கு அது தெரியவும் மாட்டாது. எல்லையைத் தாண்டிச் சுழலத் தொடங்கிய சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடி ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். சறுக்கும் சில்லுக்கு முன், பின், பக்கம் எல்லாம் ஒன்றுதான்.

பாண்டாவுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ள வித்தியாசம்

எங்கள் வீட்டுக் கார் பழைய பியற் பாண்டா. அதன் வலு 51 கிலோவாற், அதாவது 69 குதிரைவலு. மகன் அதில்தான் ஓடப் பழகினான். இரண்டாவது கியரில் அக்சிலேற்றரை முழுதாக மிதித்தாலும் அதன் முன்சில்லுகள் நிலத்தைத் தள்ளும் விசை 3,000 நியூற்றனை எட்டாது. காய்ந்த வீதியில் அந்தச் சில்லுகளுக்கு இருக்கும் பிடியோ 5,000 நியூற்றனுக்கு மேல். எவ்வளவு மிதித்தாலும் அந்தக் காரால் கணக்கை மீறிச் செலவழிக்க முடியாது.

இனி மகன் கேட்ட வகைக் காரைப் பாருங்கள். எடை 1,700 கிலோ, முறுக்குவிசை 550 நியூற்றன் மீற்றர், இழுப்பது பின்சில்லுகள். வழமையான கியர் விகிதங்களை வைத்துக் கணக்கிட்டால், இரண்டாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது பின்சில்லுகளுக்கு வரும் விசை ஏறத்தாழ 13,700 நியூற்றன். நல்ல காய்ந்த வீதியில் பின்சில்லுகளின் பிடி ஏறத்தாழ 8,200. அதாவது வரவைவிட செலவு ஒன்றரை மடங்குக்கு மேல். அதுவும் நேர் வீதியில். திரும்பிக்கொண்டு மிதித்தால் வரவு இன்னும் குறைவு.

மொண்டெல்லோ கடற்கரையோரம். காற்று மணலை வீதிக்குக் கொண்டுவரும். மணல் படிந்த இடத்தில் பிடி 4,600 அளவுக்கு இறங்கிவிட்டால், எஞ்சினின் மூன்றிலொரு பங்கு போதும் சில்லு சுழல. மூன்றிலொரு பங்கு என்பது பாதத்தின் சிறு அசைவு. "கொஞ்சம்தான் அமத்தினான்" என்று மகன் சொன்னது சரி. பாண்டாவில் அந்தக் கொஞ்சம் ஒன்றுமே இல்லை. இந்தக் காரில் அது கணக்கு முழுவதும்.

ரயரையும் சேர்க்கவேண்டும். வேகத்துக்கென்று செய்த ரயர்களின் இறப்பர் சூடானால்தான் நன்றாக ஒட்டும். மாசி மாதத்தில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்ற காரின் ரயர் குளிர்ந்துபோய் இருக்கும். கூட்டம் முடிந்து புறப்படும் நேரம்தான் பிடி மிகக் குறைந்த நேரம். எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருக்கும் நேரமும் அதுதான்.

பயம் செய்யும் பிழை

பின்சில்லு வழுக்குவதோடு கதை முடிவதில்லை. பெரும்பாலும் விபத்தை உண்டாக்குவது அதற்குப் பிறகு வரும் ஒரு வினாடி.

பின்பக்கம் வலப்புறம் வழுக்கினால், சாரதி இயல்பாகவே ஸ்ரியரிங்கையும் வலப்புறம் திருப்புவான். அது சரியான செயல். ஆனால் அதே கணத்தில் பயம் அவனுடைய காலை அக்சிலேற்றரிலிருந்து படக்கென்று எடுக்க வைக்கும். பாண்டாவில் இது நல்ல பழக்கம். முன்சில்லு இழுக்கும் காரில் முன்சில்லு வழுக்கினால், காலைத் தளர்த்தியதும் பிடி திரும்பி வரும். பின்சில்லு இழுக்கும் காரில் நடப்பது வேறு.

காலை எடுத்ததும் காரின் எடை முன்னுக்குச் சாயும். பின்பக்கம் இலேசாகும். சில வேளை பின்பக்கம் இன்னும் கூட வழுக்கி, கார் முழுதாகச் சுற்றிவிடும். சில வேளை சுழல்வது நின்ற பின்சில்லு திடீரென்று நிலத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த நேரம் முன்சில்லுகள் இன்னும் வலப்புறம் திரும்பியபடி இருக்கின்றன. ஸ்ரியரிங்கை நேராக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆகவே கார் சில்லுகள் காட்டிய திசையில், வலப்புறம், பாய்கிறது. பார்ப்பவர்களுக்கு வழுக்கி நேராகிய கார் வேண்டுமென்றே சனத்துக்குள் போன மாதிரித் தெரியும். நான் மதிலடியில் கண்டதும் இதுதான்.

50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடியில் கார் 14 மீற்றர் போகும். பயந்த மனிதன் நிலைமையை உணர்ந்து செயற்பட ஏறத்தாழ ஒரு வினாடி வேண்டும். நடைபாதை இரண்டு மூன்று மீற்றரில் இருக்கிறது. அவன் "நான் ஒன்றும் செய்யவில்லை" என்றபோது பொய் சொல்லவில்லை. அவன் மூளை ஒன்றைச் செய்ய முடிவெடுப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. முடிவெடுத்தது கால், அதுவும் பாண்டாவில் பழகிய கால்.

இன்னொன்றும் உண்டு. கண் பார்க்கும் பக்கம் கை போகும். எதில் இடித்துவிடுவோமோ என்று பயந்து அதையே பார்த்தால் காரும் அங்கேயே போகும். சைக்கிள் பழகிய நாளில் ஒழுங்கையில் இருந்த ஒரே ஒரு கல்லில் நாங்கள் போய் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதிதான்.

இலத்திரனியல் காப்பாற்றாதா?

காப்பாற்றும், ஓரளவுக்கு. சறுக்கலை உணர்ந்து தனித்தனிச் சில்லுக்குப் பிறேக் போட்டு, எஞ்சின் வலுவையும் குறைக்கும் ஒழுங்குமுறை இன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நொவம்பரிலிருந்து பதிவாகும் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். ஆனால் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. ஓட்டத்தடத்தில் பழகுபவர்களுக்காக வைத்த பொத்தான் அது. சில்லு சுழன்று புகை வரவேண்டுமென்றால் அதை அமத்தவேண்டும். கூட்டத்தின் முன்னே புகை வேண்டும் என்று நினைப்பவன் அமத்துகிறான். கணக்காய்வாளரை வெளியே அனுப்பிவிட்டுப் பெட்டகத்தைத் திறப்பது போன்ற வேலை. பொத்தானை அமத்தாவிட்டாலும் இல்லாத பிடியை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது.

பழகியவர்களுக்கும் நடந்தது

"ஓடத் தெரியாதவன் ஓடினால் அப்படித்தான், எனக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு இளைஞனும் சொல்வான். அவர்களுக்கு சிசிலியின் கதையையே சொல்லலாம்.

வின்சென்சோ புளோரியோ என்ற பலெர்மோ செல்வந்தர் 1906இல் தொடங்கிய தார்கா புளோரியோ உலகின் மிகப் பழைய கார்ப் பந்தயங்களில் ஒன்று. மடோனியே மலைப்பகுதியில், செர்தா, கொல்லெசானோ முதலான ஊர்களுக்கூடாகச் செல்லும் பொதுவீதிகளில் அது நடந்தது. 1937 முதல் 1940 வரை அதைப் பலெர்மோவின் பவொரித்தா பூங்காவுக்குள் நடத்தினார்கள். நாங்கள் 806 இலக்க பஸ்ஸில் மொண்டெல்லோ போகும்போது கடந்து செல்லும் அதே பூங்காதான்.

பிற்காலத்தில் மடோனியே சுற்று ஒன்று 72 கிலோமீற்றர். 1970இல் லியோ கின்னுனென் அதை 33 நிமிடம் 36 வினாடியில் ஓடி முடித்தார். இந்தப் பந்தயத்தை மூன்று முறை, 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில், வென்றவர் நீனோ வக்கரெல்லா. இவர் பலெர்மோவில் ஒரு பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். அந்த வீதியின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். திறமை என்பது இந்த மனப்பாடமும் வருடக்கணக்கான பழக்கமும்தான்.

அப்படிப்பட்டவர்கள் ஓடிய பந்தயத்துக்கே என்ன நடந்தது? ஆபத்துக் கருதி 1973க்குப் பிறகு உலகக் கிண்ணத் தொடரிலிருந்து அது விலக்கப்பட்டது. 1977இல் ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து வீதியோரம் நின்றவர்களுக்குள் பாய்ந்து இரண்டு பார்வையாளர்கள் இறந்தார்கள். வேகப் பந்தயமாக அதன் வரலாறு அத்தோடு முடிந்தது.

எங்களுக்குத் தெற்கே கடலுக்கு அப்பால் மால்ற்றா. 2015 ஒக்ரோபர் 4ஆம் திகதி அங்கே தர்ம நிதிக்காக நடந்த கார்க் காட்சியில், 887 குதிரைவலுக் கொண்ட போர்ஷே 918 ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் 2019 ஜூலை 18ஆம் திகதி இரவு கார்க் கூட்டம் ஒன்றில் இரண்டு கார்கள் மோதி, வீதியோரம் நின்றவர்களுக்குள் போயின. எங்கள் நாட்டில், தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ்ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள்.

இந்த நான்கும் நான்கு விதம். ஒன்று பந்தயம், ஒன்று காட்சி, ஒன்று வீதிக் கூட்டம், ஒன்று படையினரின் தடத்தில் நடந்த போட்டி. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே: கார் போகக்கூடிய இடத்தில் சனம் நின்றது.

என் பக்கத்துக் கணக்கு

மகனுக்கு இதை எல்லாம் சொல்லிவிட்டு, என் தொழிலுக்குரிய கணக்கையும் ஒரு தாளில் எழுதினேன்.

இத்தாலியில் 185 கிலோவாற்றுக்கு மேற்பட்ட கார்களுக்கு, சாதாரண வாகன வரிக்கு மேலாக, ஒவ்வொரு மேலதிக கிலோவாற்றுக்கும் 20 யூரோ வரி. கார் ஐந்து வருடம் தாண்டினால் அது 12 யூரோ. மகன் பார்த்த கார் 300 கிலோவாற். ஆகவே வருடம் 1,380 யூரோ, காரை வெளியே எடுக்காவிட்டாலும். காப்புறுதி, பெற்றோல், ரயர் எல்லாம் தனி.

அடுத்தது சட்டம். வீதியில் வேகப் போட்டி ஓடியதாக நிரூபிக்கப்பட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, 5,000 முதல் 20,000 யூரோ வரை தண்டம். அந்தப் போட்டியால் ஓர் உயிர் போனால் ஆறு முதல் பத்து வருடம். போட்டியே இல்லாவிட்டாலும், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வீதி விதியை மீறி ஒருவரின் மரணத்துக்குக் காரணமானால் இரண்டு முதல் ஏழு வருடம். நகருக்குள் அனுமதித்த வேகத்தின் இரண்டு மடங்கில், 70 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடியிருந்தால், ஐந்து முதல் பத்து வருடம். 50இலிருந்து 70க்குக் கூட்டுவது பெரிய விடயமாகத் தெரியாது. ஆனால் மோதும் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது.

எம்மவருக்கு இதில் இன்னொரு வரி உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது குற்றப்பதிவு பார்க்கப்படும். இருபது வருடம் வீடு துடைத்தும் கோப்பை கழுவியும் சேர்த்த ஒன்றை, ஒரு கால் அசைவில் செலவழிக்கலாம்.

மகன் தாளைப் பார்த்தான். "அப்ப கார் வேண்டக் கூடாது எண்டுதானே சொல்லுறியள்?" என்றான்.

"இல்லைத் தம்பி" என்றேன். "ஓடப் பழகாமல் வேண்டக் கூடாது எண்டு சொல்லுறன்."

எந்நா நகருக்கு அருகே பெர்குசா ஏரியைச் சுற்றி ஓர் ஓட்டத்தடம் இருக்கிறது. றக்கல்முட்டோவில் இன்னொன்று. தலைக்கவசம் போட்டு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, பின்பக்கம் வழுக்கினால் காலை மெல்லத் தளர்த்தவும், போகவேண்டிய இடத்தைப் பார்க்கவும் அங்கே பழகலாம். அங்கே பிழைவிட்டால் போவது ரயர் மட்டும். இதுவரை நான் கையெழுத்துப் போடவில்லை. அவன் இரண்டு நாள் பயிற்சிக்குக் காசு சேர்க்கிறான். அதற்குப் பிறகும் கேட்டால் பேசுவோம்.

பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கார்கள் வெளியேறும் வாசலருகே நிற்கவேண்டாம். வளைவின் வெளிப்பக்கம் நிற்கவேண்டாம். நடைபாதை பாதுகாப்பு அல்ல, கல் மதில் அல்லது பெரிய மரம் ஒன்றுக்குப் பின்னால் நில்லுங்கள். படம் எடுக்கத் தொலைபேசியைத் தூக்கி, "அமத்து, அமத்து" என்று கத்தவேண்டாம். அந்தச் சத்தமும் அக்சிலேற்றரை மிதிக்கிறது.

போன ஞாயிறு மலையால் இறங்கி மறுபடியும் மொண்டெல்லோ போனோம். அந்த மதிலில் கல் பெயர்ந்த இடத்தில் சீமெந்து பூசியிருக்கிறார்கள், நிறம் மட்டும் வேறு. மகன் அதைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் மதிலின் மறுபக்கம் போய் நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டான்.